பிளாட்பேக் செயலிகளில் மட்டும் ஒலி வரவில்லை: டெபியன் 13, டெஸ்க்டாப் இல்லாத நிறுவல், ஓப்பன்பாக்ஸ்

வேளிமலை (தக்கலை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் 13 லினக்ஸை நெட்இன்ஸ்ட் என்ற சிறு நிறுவல் கோப்பிலிருந்து நிறுவியிருக்கிறேன். 4 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது என்பதால், நிறுவும்போது காட்டப்படும் டெஸ்க்டாப் சூழல்கள் எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டுவிட்டு, பின்னர் திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரையும் ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரையும் மட்டும் சேர்த்துக்கொண்டேன். வட்டில் இடம் குறைவு. ஆகவே ஒவ்வொரு தொகுப்பையும் ‘பரிந்துரைக்கப்படும் தொகுப்புகள் வேண்டாம்’ என்ற தெரிவுடனேயே நிறுவி வந்திருக்கிறேன். கணினியின் சொந்தத் திரை பழுதாகிவிட்டதால், எச்டிஎம்ஐ கம்பி வழியாக வீட்டிலுள்ள தொலைக்காட்சியைத் திரையாகப் பயன்படுத்துகிறேன்.

என் மாமா கோயில் கொடை விழாக்களில் பாடிய வில்லுப்பாட்டுகள் சில கேசட்டுகளில் இருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றி, இரைச்சல் நீக்கி, குடும்பத்தாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். அதற்காக ஆடாசிட்டியையும், கேட்டுப் பார்க்க விஎல்சியையும், உலாவலுக்கு ஃபயர்ஃபாக்ஸையும் பிளாட்ஹப் களஞ்சியத்திலிருந்து பிளாட்பேக் (கணினியின் மற்ற நிரல்களிலிருந்து பிரித்து ஓட்டப்படும் தொகுப்பு) வடிவில் நிறுவினேன். மூன்றும் திறக்கின்றன. விஎல்சியில் பாட்டு ஓடுவதாக நேரக்கோடு நகர்கிறது, ஆனால் ஒலி இல்லை. ஃபயர்ஃபாக்ஸில் படம் ஓடுகிறது, அதிலும் ஒலி இல்லை. டெபியனின் சொந்தத் தொகுப்பாக நிறுவிய எம்பிவி என்ற ஊடக இயக்கியில் அதே கோப்பு மடிக்கணினியின் ஒலிபெருக்கியில் தெளிவாகக் கேட்கிறது.

நான் பார்த்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். ‘ஏபிளே’ கட்டளை எச்டிஎம்ஐ ஒன்று, அனலாக் ஒன்று என இரண்டு ஒலி அட்டைகளைக் காட்டுகிறது. ஆல்சாமிக்சரில் எந்த அலைவரிசையும் ஊமையாக்கப்பட்டிருக்கவில்லை. என் பயனர் ‘ஆடியோ’ குழுவில் இருக்கிறார். விஎல்சியின் அனுமதிப் பட்டியலைப் பிளாட்பேக் வழியே கேட்டால், சாக்கெட்டுகள் (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் வாயில்கள்) என்ற வரியில் ‘பல்ஸ்ஆடியோ’ என்ற ஒலிச் சேவையகத்தின் பெயர் இருப்பதாகவே சொல்கிறது. அப்படியானால் செயலியைப் பிரித்து அடைத்து வைக்கும் சாண்ட்பாக்ஸ்தான் ஒலியைத் தடுக்கிறதா? இணையத்தில் சிலர் எல்லாச் சாதனங்களுக்கும் அனுமதி கொடுக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர் முழுக் கோப்பு முறைமையையும் திறந்துவிடச் சொல்கிறார்கள். இவற்றில் எதைச் செய்வது? முழு டெஸ்க்டாப் ஒன்றை நிறுவாமல் தீர்க்க வழி இருந்தால் சொல்லுங்கள்.


வள்ளியாறு (இரணியல்) எழுதியது:

வேளிமலை அவர்களுக்கு வணக்கம். எம்பிவியில் ஒலி வருகிறது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. கெர்னல், டிரைவர், ஒலி அட்டை, ஒலிபெருக்கி ஆகிய நான்கும் சரியாக இருக்கின்றன. அவற்றைத் தொட வேண்டாம். எம்பிவி தொடங்கும்போது ஒலிச் சேவையகம் (செயலிகளின் ஒலியை வாங்கி ஒலி அட்டைக்கு அனுப்பும் நிரல்) ஏதேனும் ஓடுகிறதா என்று பார்க்கும்; எதுவும் இல்லையென்றால் கெர்னலின் ஆல்சா அடுக்கை நேரடியாகப் பிடித்துக்கொண்டு வேலையை முடித்துவிடும். உங்கள் கணினியில் ஒலிச் சேவையகம் என்று ஒன்று இல்லவே இல்லை என்பது என் கணிப்பு. டெஸ்க்டாப் சூழலுடன் நிறுவியிருந்தால் அது தானாக வந்திருக்கும். நீங்கள் டெஸ்க்டாப்பையும் தவிர்த்தீர்கள், பரிந்துரைத் தொகுப்புகளையும் தவிர்த்தீர்கள்.

இப்போது பிளாட்பேக் செய்வதைப் பார்ப்போம். அது பபிள்ராப் என்ற சிறு கருவியைக் கொண்டு செயலிக்கெனத் தனியான ஒரு கோப்பு மரத்தைக் கட்டுகிறது. அந்த மரத்தில் எதை வைக்கிறார்களோ அது மட்டுமே செயலியின் கண்ணுக்குத் தெரியும். ‘பல்ஸ்ஆடியோ’ அனுமதி என்றால், வெளியே பல்ஸ்ஆடியோ சாக்கெட் இருக்குமானால் அதை எடுத்து உள்ளே வை என்பதே பொருள். வெளியே அந்தச் சாக்கெட் இல்லையென்றால் பிளாட்பேக் எந்தப் பிழையும் காட்டாமல் செயலியைத் தொடங்கிவிடுகிறது. அனுமதிப் பட்டியல் சரியாக இருந்தும் ஒலி வராததற்கு இதுவே காரணம். பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிற்கிறது, வயலுக்கு மடையும் திறந்திருக்கிறது, ஆனால் இரண்டுக்கும் நடுவில் சானலே வெட்டப்படவில்லை என்பதுதான் உங்கள் கணினியின் நிலை.

ஆல்சா வழியாகவாவது வந்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். பிளாட்பேக் 1.8 முதல், பல்ஸ்ஆடியோ அனுமதி பெற்ற செயலிக்குக் கெர்னலின் ஒலிச் சாதனக் கோப்புகளும் உள்ளே தெரியும். ஆனால் பெரும்பாலான செயலிகள் ‘இயல்புச் சாதனம்’ என்று கேட்கின்றன, ரன்டைமுக்குள் (பிளாட்பேக் செயலிக்குத் தரும் அடிப்படை நூலகங்களுக்குள்) அந்த இயல்புச் சாதனம் மறுபடியும் பல்ஸ்ஆடியோ பக்கமே திருப்பிவிடப்பட்டிருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் கதை இதனினும் எளிது. 2017-இல் வந்த 52-ஆம் பதிப்பு முதல் மொசில்லா வெளியிடும் ஃபயர்ஃபாக்ஸ் லினக்ஸில் பல்ஸ்ஆடியோவை எதிர்பார்க்கிறது. ஆல்சாவை நேரடியாகத் தேடுவதில்லை.

எனவே செய்ய வேண்டியது சாண்ட்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறது. பைப்வயர் என்ற ஒலிச் சேவையகத்துக்கான ‘பைப்வயர்-ஆடியோ’ என்ற தொகுப்பை நிறுவுங்கள். பைப்வயர்-பல்ஸ், பைப்வயர்-ஆல்சா, வயர்பிளம்பர் ஆகியவை அதன் கட்டாயச் சார்புகள் என்பதால், பரிந்துரைகளைத் தவிர்க்கும் உங்கள் வழக்கத்தை மாற்றாமலேயே இவை மூன்றும் வந்துசேரும். அவற்றோடு ஆர்டிகிட், பல்ஸ்ஆடியோ-யூடில்ஸ், டிபஸ்-யூசர்-செஷன் ஆகிய மூன்றையும் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலாவது, ஒலிக்கான இழைகளுக்கு நிகழ்நேர முன்னுரிமை பெற்றுத் தரும். பழைய கணினியில் இது இல்லாவிட்டால் ஒலி விட்டுவிட்டு வரும். இரண்டாவதில் சோதனைக்கு வேண்டிய பேக்டிஎல் கட்டளை இருக்கிறது. மூன்றாவது, உங்கள் உள்நுழைவுக்கென ஒரே ஒரு டிபஸ் (நிரல்களுக்கிடையே செய்தி கடத்தும் பஸ்) இருப்பதை உறுதிசெய்யும். உங்கள் எக்ஸ்இனிட் கோப்பில் டிபஸ்-லாஞ்ச் என்ற வரி ஏதேனும் இருந்தால் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பஸ்கள் ஓடி ஒன்றையொன்று காணாமல் நிற்கும்.

பைப்வயர், வயர்பிளம்பர், பைப்வயர்-பல்ஸ் ஆகிய மூன்று நிரல்களுக்கும் வேலை வெவ்வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது. பைப்வயர் என்பது ஒலி ஓடும் வலைப்பின்னல். அதற்குத் தானாக எந்த அட்டையையும் திறக்கத் தெரியாது. வயர்பிளம்பர் அட்டைகளைக் கண்டுபிடித்து, எதை எதனுடன் இணைப்பது என்று முடிவெடுக்கிறது. பைப்வயர்-பல்ஸ் என்பது பழைய பல்ஸ்ஆடியோவின் மொழியைப் பேசி, அதே இடத்தில் அதே பெயரில் சாக்கெட்டைத் திறந்து வைக்கிறது. பிளாட்பேக் தேடுவது இந்த மூன்றாவதைத்தான். பைப்வயரை மட்டும் நிறுவிவிட்டு, நிறுவியாயிற்றே, ஏன் ஒலி இல்லை என்று கேட்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் பயனருக்குரிய சேவைகள். சேவைகளைக் கட்டுப்படுத்தும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையை ‘யூசர்’ தெரிவோடு, சூடோ (நிர்வாகி உரிமை) இல்லாமல் ஓட்ட வேண்டும். சூடோ சேர்த்தால் ரூட் பயனரின் சேவைகளைத் தேடி, பஸ்ஸுடன் இணைய முடியவில்லை என்று திரும்பிவிடும். டெபியனில் தொகுப்பு நிறுவப்பட்டதுமே சேவைகள் இயங்குமாறு குறிக்கப்பட்டுவிடும் என்பதால், ஒருமுறை முழுமையாக வெளியேறி மறுபடி உள்நுழைந்தாலே போதும். பிறகு ‘பேக்டிஎல் இன்ஃபோ’ கொடுங்கள். சேவையகத்தின் பெயர் என்ற வரியில் ‘பல்ஸ்ஆடியோ, பைப்வயர் மீது’ என்ற பொருளில் பதிப்பு எண்ணுடன் வந்தால் சாக்கெட் தயார். பயனர் எண் 1000 என்றால், ரன் கோப்புறைக்குள் யூசர், அதற்குள் 1000, அதற்குள் பல்ஸ், அதற்குள் ‘நேட்டிவ்’ என்ற பெயரில் அந்தச் சாக்கெட்டைக் கண்ணாலும் பார்க்கலாம்.

எல்லாச் சாதனங்களையும் கொடுப்பது, முழுக் கோப்பு முறைமையையும் கொடுப்பது ஆகிய இரண்டு யோசனைகளையும் விட்டுவிடுங்கள். இல்லாத சாக்கெட்டை அவை உருவாக்கித் தரப்போவதில்லை. உங்கள் வீட்டுக் கோப்புறை முழுவதையும் ஓர் ஊடக இயக்கிக்குத் திறந்து கொடுத்ததுதான் மிச்சமாகும்.


பழையாறு (நாகர்கோவில்) எழுதியது:

வள்ளியாறு சொன்ன காரணத்தில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. மருந்தில்தான் சிறு கேள்வி. 4 ஜிபி கணினியில் மூன்று நிரல்கள் எதற்கு? பல்ஸ்ஆடியோ என்ற ஒரே தொகுப்பை நிறுவினால் அதே சாக்கெட் கிடைக்கிறதே. 2004-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பொருள் அது. என் கடையில் இருக்கும் பழைய கணினிகளில் இன்றும் அதைத்தான் வைத்திருக்கிறேன், குறை ஏதும் கண்டதில்லை.

இன்னொன்றும் கேட்க விரும்புகிறேன். பல்ஸ்ஆடியோ அனுமதி கொடுத்தால் செயலிக்கு ஒலிவாங்கியும் சேர்ந்தே கிடைத்துவிடுகிறது என்று படித்தேன். அது உண்மையானால் சாண்ட்பாக்ஸ் என்று சொல்லிக்கொள்வதில் என்ன பயன்?


வள்ளியாறு எழுதியது:

அண்ணாச்சி, பல்ஸ்ஆடியோவே போதும் என்று நீங்கள் சொல்வது தவறில்லை. பிளாட்பேக்கின் பார்வையில் இரண்டும் ஒன்றே. ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டக் கூடாது, ஏனென்றால் இரண்டும் ஒரே சாக்கெட்டுக்குப் போட்டியிடும். நான் பைப்வயரைச் சொன்னதற்குக் காரணம், ஃபெடோரா 2021-இல் தன் 34-ஆம் பதிப்பிலேயே அதற்கு மாறிவிட்டது, டெபியனின் க்னோமும் 12-ஆம் பதிப்பிலிருந்து அதைத்தான் கொண்டுவருகிறது. சிக்கல் வந்தால் தேடும்போது கிடைக்கும் விடைகளும், சரிசெய்யப்படும் பிழைகளும் இனி அந்தப் பக்கத்தில்தான் அதிகம். திரைப் பகிர்வு வேண்டுமென்றாலும் அது தேவைப்படும். நினைவகச் செலவில் பெரிய வேறுபாட்டை நான் உணரவில்லை. ஃபயர்ஃபாக்ஸின் ஒரு தாவல் தின்பதைவிட இவை மூன்றும் சேர்ந்து குறைவாகவே தின்கின்றன.

ஒலிவாங்கி பற்றி நீங்கள் படித்தது உண்மை. கேட்க மட்டும், பதிவு செய்ய மட்டும் என்ற பிரிவு பிளாட்பேக்கின் அந்த அனுமதியில் இல்லை. சாக்கெட் கைக்கு வந்தால் இரு திசையும் வந்துவிடும். நம்பிக்கை இல்லாத செயலி என்றால் ‘பிளாட்பேக் ஓவர்ரைடு’ கட்டளையில் ‘நோசாக்கெட்’ தெரிவைக் கொடுத்துப் பல்ஸ்ஆடியோவை முழுவதுமாகப் பறித்துவிடலாம். கட்டளை வேண்டாம் என்பவர்கள் ஃபிளாட்சீல் செயலியில் அதே பொத்தானை அணைக்கலாம். அதற்குப் பிறகு அந்தச் செயலி ஒலிக்கவும் செய்யாது. ஸ்னாப் என்ற மற்றொரு தொகுப்பு முறையில் ஒலிப்பதற்கும் பதிவுக்கும் தனித்தனி இணைப்புகள் இருக்கின்றன, பதிவுக்கானதைப் பொதுவாக நாமே இணைத்துக் கொடுக்க வேண்டும் என்பது இந்த ஒரு விஷயத்தில் மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன்.


வேளிமலை எழுதியது:

இருவருக்கும் நன்றி. சொன்னபடியே நிறுவி, வெளியேறி உள்நுழைந்தேன். பேக்டிஎல் இன்ஃபோ நீங்கள் சொன்ன வரியைக் காட்டுகிறது, சாக்கெட்டும் இருக்கிறது. ஆனால் விஎல்சியில் இன்னும் ஒலி கேட்கவில்லை. இப்போது எம்பிவியிலும் கேட்கவில்லை என்பதுதான் வியப்பு. வயர்பிளம்பரின் ‘டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ்’ கட்டளையைக் கொடுத்தால் வெளியீடுகள் பகுதியில் எச்டிஎம்ஐ, அனலாக் இரண்டும் இருக்கின்றன. எச்டிஎம்ஐ வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி தெரிகிறது.


வள்ளியாறு எழுதியது:

இப்போது எம்பிவியும் சேர்ந்து மௌனமானது நல்ல அறிகுறி தம்பி. எல்லாம் ஒரே வழியில் போகத் தொடங்கிவிட்டன என்று பொருள். அந்த நட்சத்திரம்தான் இயல்பு வெளியீட்டைக் காட்டுவது. தொலைக்காட்சியை எச்டிஎம்ஐயில் இணைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஒலி முழுவதும் அங்கே போய்க்கொண்டிருக்கிறது, தொலைக்காட்சியின் ஒலியளவு குறைக்கப்பட்டிருக்கும். அனலாக் வரியில் உள்ள எண்ணை எடுத்து, ‘டபிள்யூபிசிடிஎல் செட்-டிஃபால்ட்’ என்பதோடு சேர்த்துக் கொடுங்கள். வயர்பிளம்பர் அந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொள்ளும். எண்ணை மட்டும் எங்கும் எழுதி வைக்காதீர்கள், அது ஒவ்வொரு முறையும் மாறக்கூடியது.

இதே சிக்கலோடு இங்கே வரும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சில கணினிகளில் எச்டிஎம்ஐயும் அனலாக்கும் ஒரே அட்டையின் இரண்டு முகங்களாக இருக்கும். அங்கே பட்டியலில் ஒரு வெளியீடுதான் தெரியும். மற்றதைக் காணவில்லையே என்று தேடிப் பயனில்லை. பாவுகன்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டுச் செயலியைத் திறந்து, கடைசித் தாவலான உள்ளமைவில் அந்த அட்டையின் புரொஃபைலை ‘அனலாக் ஸ்டீரியோ டூப்ளெக்ஸ்’ என்று மாற்றினால் அது தோன்றும்.

பட்டியலில் ‘டம்மி அவுட்புட்’ என்ற ஒன்று மட்டும் இருந்தால் அது வேறு நோய். சேவையகம் ஓடுகிறது, ஆனால் வயர்பிளம்பரால் எந்த அட்டையையும் திறக்க முடியவில்லை என்று பொருள். சாதனக் கோப்புகளைத் திறக்கும் உரிமை பயனருக்கு இல்லாமல் இருக்கலாம்; தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக மட்டும் உள்நுழைந்திருந்தால் இப்படி ஆகும், ஏனென்றால் அந்த உரிமையை, உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டி கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கே வழங்குகிறது. அல்லது ஆல்சாவை நேரடியாகப் பிடித்த பழைய நிரல் ஒன்று அட்டையை இன்னும் விடாமல் வைத்திருக்கலாம்; ஒலிச் சாதனக் கோப்புகளின் மீது ‘ஃபியூசர்’ கட்டளையை ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும். புதிய இன்டெல் மடிக்கணினியாக இருந்து, ஏபிளே கட்டளையிலேயே அட்டை தெரியவில்லை என்றால் ஒலிச் சில்லுக்கு வேண்டிய சோஃப் ஃபர்ம்வேர் இல்லை என்று சந்தேகியுங்கள். டெபியனில் அது தனி உரிமமுள்ள ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. வயர்பிளம்பரின் அமைப்புகளை மாற்ற இணையத்தில் தேடினால் லுவா மொழியில் எழுதிய கோப்புகளாக நிறையக் கிடைக்கும். அவை 0.4 காலத்தவை. 2024-இல் வந்த 0.5 பதிப்பில் அந்த முறையே கைவிடப்பட்டது. டெபியன் 13-இல் இருப்பது 0.5 வரிசை. ஆகவே அவற்றை நகலெடுத்து வைத்தால் எந்த விளைவும் இருக்காது.


குழித்துறைக்காரன் (குழித்துறை) எழுதியது:

நான் வாய்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இல்லாத லினக்ஸ் வழங்கல்களில் மேலே சொன்னவற்றில் சில பொருந்தாது என்பதால் அந்தப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன்.

முதலாவது, ரன் கோப்புறைக்குள் பயனருக்கென உருவாகும் இடம். ‘எக்ஸ்டிஜி ரன்டைம் டைர்’ என்ற சூழல் மாறி அதைத்தான் குறிக்கிறது. டெபியனில் உள்நுழையும்போதே லாகின்டி அதை உருவாக்கித் தந்துவிடுகிறது. வாய்டிலும் ஆல்பைனிலும் இலாகின்டி போன்ற ஒன்றை நிறுவினால்தான் அது கிடைக்கும். இல்லையென்றால் உள்நுழைவு ஸ்கிரிப்டில் நாமே கோப்புறையை உருவாக்கி, 0700 என்ற உரிமை வைத்து, மாறியை அமைக்க வேண்டும். இது இல்லாமல் பைப்வயர் சாக்கெட்டை வைக்க இடமே இல்லை, பிளாட்பேக்குக்குத் தேட இடமும் இல்லை.

இரண்டாவது, சேவைகளைத் தொடங்குவது. வாய்டின் கையேடு சொல்கிறபடி, எடுத்துக்காட்டுக் கோப்புறையில் இருக்கும் வயர்பிளம்பர், பைப்வயர்-பல்ஸ் ஆகியவற்றுக்கான இரண்டு உள்ளமைவுக் கோப்புகளுக்குப் பைப்வயரின் உள்ளமைவுக் கோப்புறையில் இணைப்பு கொடுத்துவிட்டால், பைப்வயர் தொடங்கும்போது மற்ற இரண்டையும் அதுவே எழுப்பிவிடும். சாளர மேலாளரின் தொடக்கக் கோப்பில் பைப்வயர் என்ற ஒரு சொல் போதும். சாளர மேலாளரையே ‘டிபஸ்-ரன்-செஷன்’ வழியாகத் தொடங்குவது நல்லது. ரூட்டின் சேவையாக, வாய்டின் சேவை மேலாளரான ரன்இட்டில் பைப்வயரைப் போடுபவர்களையும் பார்க்கிறேன். அது இந்தச் செயலிகளுக்கு உதவாது, சாக்கெட் வேறு ஒருவரின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மூன்றாவதுதான் என்னை நீண்ட நாள் அலைக்கழித்தது. பைப்வயரை நிறுத்தி மறுபடி தொடங்கினால், வெளியே இருக்கும் எம்பிவி உடனே சரியாகிவிடும், ஆனால் ஏற்கெனவே திறந்திருக்கும் பிளாட்பேக் செயலிகள் மட்டும் ஊமையாகவே இருக்கும். காரணம் இதுதான்: பிளாட்பேக் சாக்கெட் கோப்பை அதன் பெயரால் நினைவில் வைப்பதில்லை, செயலி தொடங்கும் நொடியில் இருந்த அந்தக் கோப்பையே உள்ளே பொருத்துகிறது. மறுதொடக்கத்தில் பழைய கோப்பு அழிந்து, அதே பெயரில் புதியது பிறக்கிறது. உள்ளே பொருத்தப்பட்டிருப்பது அழிந்துபோன பழையது. டெபியனில் சாக்கெட்டைச் சிஸ்டம்டியே திறந்து வைத்துக்கொண்டு, சேவையை மட்டும் மறுபடி எழுப்புவதால் இது அங்கே அரிதாகவே தெரியும். நம்மைப் போன்றவர்கள் செயலியை மூடித் திறக்க வேண்டும்; சாளரத்தை மூடினாலும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் உண்டு என்பதால், ‘பிளாட்பேக் பிஎஸ்’ கொடுத்துப் பார்த்து, தேவையானால் ‘பிளாட்பேக் கில்’ கொடுங்கள்.

ஹெல்வம் போன்று பைப்வயரின் வலைப்பின்னலையே கையாளும் செயலிகளுக்குப் பல்ஸ் சாக்கெட் போதாது. பைப்வயரின் சொந்தச் சாக்கெட்டைத் தரப் பிளாட்பேக்கில் தனி அனுமதி இல்லாததால், ரன்டைம் கோப்புறையில் உள்ள ‘பைப்வயர்-0’ என்பதைக் கோப்பு அனுமதியாகக் கொடுக்கிறார்கள். விஎல்சிக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் அது தேவையில்லை.


வேளிமலை எழுதியது:

அனலாக்கை இயல்பாக்கியதும் மூன்றிலும் ஒலி வந்துவிட்டது, அனுமதி எதையும் கூட்டவில்லை. இனிப் பதிவுக்கு வருகிறேன். கேசட் பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து மடிக்கணினியில் இருக்கும் ஒரே துளைக்குக் கம்பி கொடுத்து, ஆடாசிட்டியில் பதிவு செய்தால், மடிக்கணினிக்குள் இருக்கும் ஒலிவாங்கி பிடிக்கும் அறைச் சத்தமே பதிவாகிறது. ஆடாசிட்டியின் சாதனப் பட்டியலோ நீளமாக, எது எது என்று புரியாமல் இருக்கிறது. இதற்கு ஆடாசிட்டிக்கு வேறு அனுமதி ஏதும் கொடுக்க வேண்டுமா?


வள்ளியாறு எழுதியது:

அனுமதி வேண்டாம். முன்பே சொன்னதுபோல அதே சாக்கெட் பதிவுக்கும் போதும்.

ஆடாசிட்டி ஆல்சா வழியாகச் சாதனங்களை எண்ணுவதால் அந்தப் பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். அதில் அட்டையின் பெயரோடு நேரடியாகத் தெரிபவற்றை எடுக்காதீர்கள். அவற்றைத் திறக்க முயன்றால், பைப்வயர் ஏற்கெனவே பிடித்திருக்கும் அட்டைக்காக இரண்டும் மோதும். ‘டிஃபால்ட்’ அல்லது ‘பல்ஸ்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். சேவையகத்தை நிறுவுவதற்கு முன்பே ஆடாசிட்டியைத் திறந்து வைத்திருந்தால் முழுவதுமாக மூடித் திறந்துவிடுங்கள். பிறகு பதிவைத் தொடங்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பாவுகன்ட்ரோலின் பதிவுத் தாவலுக்குப் போனால் ஆடாசிட்டியின் பெயர் அங்கே தோன்றியிருக்கும். எந்த மூலத்திலிருந்து எடுப்பது என்பதை அங்கேயே மாற்றலாம். ‘மானிட்டர்’ என்று தொடங்கும் மூலங்கள் கணினி ஒலித்துக்கொண்டிருப்பதையே திருப்பி எடுப்பவை. கேசட்டுக்கு அவை உதவா.

ஆனால் உங்கள் உண்மையான தடை கம்பியில் இருக்கிறது. ஒரே ஒரு துளை உள்ள மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் நான்கு தொடர்புமுனை கொண்ட ஹெட்செட் துளை. அதில் உள்ளே போகும் பாதை ஒன்றுதான், அதுவும் ஒலிவாங்கிக்கானது. மூன்று தொடர்புமுனையுள்ள சாதாரணக் கம்பியைச் செருகினால் கணினி அதை ஹெட்போன் என்றே எடுத்துக்கொள்ளும். பொருத்தமான மாற்றியை வாங்கிச் செருகினாலும் ஒற்றை அலைவரிசைதான் கிடைக்கும், கேசட் பிளேயரின் வெளியீடு ஒலிவாங்கித் துளைக்கு வலுவானது என்பதால் குரல் உச்சத்துக்குப் போகும்போதும் குடம் ஓங்கி ஒலிக்கும்போதும் சிதறிப்போகும். இரட்டை அலைவரிசை லைன்-இன் (பிளேயர் போன்ற கருவிகளின் வெளியீட்டை ஏற்கும் துளை) உள்ள யூஎஸ்பி ஒலி அட்டை ஒன்றை வாங்குங்கள். வாங்கும்போது ‘மைக்’ என்று மட்டும் எழுதியிருக்கும் மலிவான சிறு குச்சியை எடுத்துவிடாதீர்கள். அவற்றில் உள்ளீடு பெரும்பாலும் ஒற்றை அலைவரிசைதான். யூஎஸ்பி ஆடியோவின் பொது வரையறையைப் பின்பற்றும் அட்டைக்குக் கெர்னலிலேயே டிரைவர் இருக்கிறது. செருகியதும் வயர்பிளம்பர் எடுத்துக்கொள்ளும், சாண்ட்பாக்ஸுக்குள் இருக்கும் ஆடாசிட்டிக்கு யூஎஸ்பி அனுமதி எதுவும் தேவைப்படாது, ஏனென்றால் அட்டையைத் தொடுவது வெளியே இருக்கும் சேவையகம்தான்.

பைப்வயர் இயல்பாக 48000 ஹெர்ட்ஸில் ஓடும். ஆடாசிட்டியின் திட்ட வீதத்தையும் அதற்கே வைத்துவிட்டால் நடுவில் மாற்றம் தேவைப்படாது. ஒரு சுற்றுக்கு 1024 மாதிரிகள் என்பது இயல்பு அளவு, ஏறத்தாழ 21 மில்லி வினாடி. பழைய கணினியில் பதிவின் நடுவே ‘டிக்’ என்று வெட்டு விழுந்தால், ‘பிடபிள்யூ-டாப்’ கட்டளையைத் திறந்து வைத்துக்கொண்டு பிழை எண்ணிக்கைப் பத்தி ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் ‘பிடபிள்யூ-மெட்டாடேட்டா’ வழியாகக் கட்டாயச் சுற்றளவை 2048 ஆக்குங்கள். ஒலி ஏறத்தாழ 21 மில்லி வினாடி கூடுதலாகத் தாமதிப்பது கேசட் பதிவுக்கு ஒரு பொருட்டில்லை. அது கணினியை நிறுத்தும்வரைதான் இருக்கும்; நிரந்தரமாக வேண்டுமென்றால் பைப்வயரின் உள்ளமைவுக் கோப்புறையில் சிறு கோப்பாக எழுதிவைக்கலாம்.


பழையாறு எழுதியது:

யூஎஸ்பி அட்டை வாங்கும்முன் கேசட் பிளேயரின் பின்பக்கத்தைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்சிஏ துளைகள் இருந்தால் ஹெட்போன் துளையை விட்டுவிட்டு அங்கிருந்து எடுங்கள். பிளேயரின் ஒலியளவுக் குமிழ் பொதுவாக அந்த வழியைப் பாதிக்காது, பதிவின் அளவு நாடா முழுவதும் ஒரே சீராக வரும். ஹெட்போன் துளை மட்டும்தான் இருக்கிறது என்றால், குமிழைப் பாதிக்கு மேல் திருப்பாமல், அளவை ஆடாசிட்டியின் மீட்டரில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். நாடா ஓடும் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் முதலில் துடைத்துவிடுங்கள், அழுக்குத் தலையால் மங்கிப்போன ஒலியை எந்த இரைச்சல் நீக்கியும் திருப்பித் தராது.